தாத்தாவின் திமிரி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு நாயனக்காரரின் பதில்கள்

சென்ற இதழில், எங்கள் ஊர்ப் பங்குனி உத்திரப் புறப்பாட்டில் என் தாத்தாவின் திமிரி நாயனத்தை (நாகஸ்வரத்தைத்தான் நாங்கள் நாயனம் என்போம்) வாசித்தது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

நாயனம் எல்லாமே ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். திமிரி என்றால் என்ன? கல்யாணத்தில் நாங்கள் பார்ப்பது வேறா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

வேறுதான் அம்மா. இன்று கல்யாண மண்டபத்திலும் கோயிலிலும் நீங்கள் பார்ப்பது பாரி நாயனம். நீளமானது, சுருதி இறங்கியது. இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டையில் பேசும். கட்டை என்பது சுருதியின் அளவு, எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். நாற்பது வருஷமாக நான் வாசிப்பதும் இரண்டரைக் கட்டைப் பாரிதான்.

திமிரி அதைவிடக் குட்டை. சுருதி ஏறியது, நாலு கட்டை, ஐந்து கட்டை என்று இருக்கும். தாத்தாவின் திமிரி நாலரைக் கட்டை. என் பாரியைச் சுவரோரம் நிறுத்திப் பக்கத்தில் இதை வைத்தால் அதன் தோள் உயரத்துக்குத்தான் வரும். பாரி வருவதற்கு முன்பு நாயனம் என்றாலே எங்கள் பக்கத்தில் இதுதான்.

மற்றபடி பாகங்கள் ஒன்றே. உடம்பை உலவு என்போம். அதை ஆச்சா மரத்தில் கடைவார்கள். கீழே விரிந்திருக்கும் வாய் அணசு, அது வாகை மரம். மேலே செருகுகிற உலோகக் குழல் கெண்டை. கெண்டையின் தலையில், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. ஆச்சா மரத்தைப் பச்சையாகக் கடைய முடியாது, வெடித்துவிடும். பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கிற தூண், உத்தரம் இவற்றைத்தான் ஆசாரிகள் தேடி வாங்குவார்கள். இரண்டு தலைமுறை வெயிலும் மழையும் பார்த்த கட்டை பிறகு நாயனமாகும். அப்படிப் பார்த்தால் தாத்தாவின் திமிரியில் இருக்கும் மரத்துக்கு வயது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்த காலத்துக்கும் முந்தியது.

முதல் தடவை அதை எடுத்து ஊதியபோது எப்படி இருந்தது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
(ஒரு வாசகர், சேலம்)

ஒளிக்க ஒன்றும் இல்லை. முதல் நாள் சத்தமே வரவில்லை. காற்றுதான் போனது.

அது பரணில் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. ஓடு மாற்றுவதற்காகப் பரணை ஒழித்தபோது கையில் கிடைத்தது. அணசின் விளிம்பில் எலி கடித்திருந்தது. உலவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், நல்லவேளையாகத் துளை வரை போகவில்லை. நரசிங்கம்பேட்டைக்கு எடுத்துப்போனேன். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில் இருக்கிற ஊர். அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பட்டறையில் பெரியவர் ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்து உள்துளையைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “தம்பி, உள்ளே கை வைக்க வேண்டியதில்லை. விரிசலை மட்டும் கட்டித் தருகிறேன்” என்றார். நூல் சுற்றி மெழுகு பூசிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்து, வாசித்துக் காட்டினால் போதும் என்றார். இன்னும் காட்டவில்லை. அந்தக் கடன் இருக்கிறது.

அடுத்தது சீவாளி. என் பாரிச் சீவாளியைச் செருகினால் திமிரி ஊமையாகிவிடுகிறது. ஏறின சுருதிக்குச் சின்னதாக, விறைப்பாக இருக்க வேண்டும். திருவாவடுதுறையில்தான் கேட்டுச் செய்யச் சொன்னேன். நாணல் தட்டையை அறுத்துக் காயவைத்துப் பதப்படுத்திச் செய்கிற வேலை அது, அவசரப்படுத்த முடியாது. இந்த அளவில் சீவாளி கேட்டு ஆள் வந்து பல வருஷம் ஆயிற்று என்றார்கள். ஆறு கொடுத்தார்கள். இரண்டுதான் பேசியது.

பேசிய அன்றைக்கு, அப்பா! அறைக்குள் வைத்து ஊதிவிட்டேன். காதுக்குள் ஊசி இறங்கின மாதிரி இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பாரிக்கு நிறையக் காற்று வேண்டும், வயிற்றிலிருந்து மெதுவாகத் தள்ள வேண்டும். திமிரிக்குக் காற்று கொஞ்சம் போதும், ஆனால் அழுத்தம் வேண்டும். நாற்பது வருஷப் பழக்கத்தில் என் உடம்பு பாரிக்குக் கொடுக்கிற மாதிரியே காற்றைக் கொடுத்தது, நாயனம் அலறியது. இருபது நிமிஷத்தில் உதடு மரத்துப் போய்விட்டது. துளைகள் வேறு நெருக்கம். என் விரல்கள் பாரிக்கு அகன்று பழகியவை. ஒரு துளையை மூடினால் பக்கத்துத் துளையில் பாதியை விரல் தொடும்.

அன்றிலிருந்து அறையில் வாசிப்பதை விட்டேன். விடிகாலையில் வாய்க்கால் மேட்டுக்குப் போனேன். பூபாளத்தில் தொடங்கினேன். விடியற்காலைக்குரிய ராகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதில் மத்திமம், அதாவது ‘ம’ சுரம், கிடையாது. ஏன் மத்திமத்துக்குப் பயந்தேன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஒரு மாதம் பூபாளமும் மோகனமும்தான். வெளியில், திறந்த வெளியில் வாசித்தபோதுதான் இந்த வாத்தியம் எதற்காகச் செய்யப்பட்டது என்று புரிந்தது. பக்கத்தில் இருப்பவன் காதைக் குத்திய அதே நாதம் நூறடி தள்ளிப் போனால் குழைந்துவிடுகிறது. இரண்டு வயல் தாண்டி மோட்டார் கொட்டகையில் இருந்தவர், “யாரோ பாடுகிற மாதிரி இருந்தது” என்றார்.

நான் சங்கீதம் கற்றவன். திமிரியில் சுத்த மத்திமம் பேசாது, அதனால்தான் பாரியே வந்தது என்று படித்திருக்கிறேன். நீங்கள் புறப்பாட்டில் மல்லாரி வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மல்லாரி கம்பீரநாட்டை. அதில் இருப்பது சுத்த மத்திமம். எப்படி முடிந்தது?
(ஒரு வாசகர், சென்னை)

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். எனக்கும் இதே கேள்விதான் இருந்தது.

நீங்கள் படித்தது சரி. மற்றவர்களுக்காக ஒரு வரி: மத்திமம் இரண்டு, தாழ்ந்தது சுத்த மத்திமம், அதைவிட உயர்ந்தது பிரதி மத்திமம். திமிரியில் மத்திமத்துக்கான துளையைத் தானாகப் பேசவிட்டால் பிரதி மத்திமத்தின் பக்கம் போய் நிற்கிறது. கல்யாணி வாசித்தால் சுகமாக இருக்கிறது, சண்முகப்ரியா தண்ணீர் மாதிரி ஓடுகிறது. சங்கராபரணத்தைத் தொட்டால் மத்திமம் தூக்கிக்கொண்டு நிற்கும், கேட்கிறவர் முகம் சுளிப்பார். அதனால் நானும் முதலில், திமிரியில் சுத்த மத்திமம் ராகங்களே கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடவில்லை. சாமி மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது முதலில் வாசிப்பது மல்லாரி. அது கம்பீரநாட்டையில்தான். ராத்திரி பள்ளியறையில் நீலாம்பரி, அதிலும் சுத்த மத்திமம். எங்கள் தாத்தா வாழ்நாள் முழுக்கத் திமிரியில் இந்த இரண்டையும் வாசித்தவர். அபசுரமாக வாசித்திருந்தால் ஊர் விட்டிருக்குமா? அந்தக் காலத்துக் கேள்வி ஞானம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

பதில் வாத்தியத்திலேயே இருந்தது. ஒருநாள் எண்ணெய் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தாத்தாவின் விரல் பட்டுப் பட்டு எல்லாத் துளைகளின் ஓரமும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். ஒரு துளையில் மட்டும் தேய்மானம் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் சரிவாக, நகத்தால் வழித்த மாதிரி பள்ளம். மத்திமத் துளை. என் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். விரல் நேராக உட்காரவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தது. துளையில் பாதி மூடியும் பாதி திறந்தும் இருந்தது. அப்படியே சீவாளியைக் கவ்வியிருந்த உதட்டைச் சற்று இளக்கி, காற்றைக் குறைத்து ஊதினேன்.

சுத்த மத்திமம் வந்தது. வந்தது என்றால், நின்றது. ஆடாமல் நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை எழுதுவதில் வெட்கமில்லை. தாத்தா செத்தபோது எனக்கு ஆறு வயது. அவர் எனக்கு ஒரு சுரம்கூடச் சொல்லித் தந்ததில்லை. ஐம்பது வருஷம் கழித்து ஒரு சுரம் சொல்லித் தந்தார்.

அதற்கப்புறம் நான்கு மாதம் அந்த ஒரு சுரத்துக்குத்தான் சாதகம். விரல், உதடு, காற்று மூன்றும் ஒரே நேரத்தில் இளக வேண்டும். ஒன்று பிந்தினாலும் சுரம் வழுக்கும். துரித காலத்தில் விரல்கள் வேகமாக ஓடும்போது மத்திமத்தைத் தொட்டு விலகுவது சுலபம், யாரும் கவனிக்க மாட்டார்கள். சௌக்கமாக, மெதுவாக, மத்திமத்தில் நிற்பதுதான் சோதனை. அதனால் ஒன்று சொல்வேன். திமிரியில் மத்திமம் குறை என்று இப்போது பொதுவாகச் சொல்கிறோம். அது குறை என்பதைவிட, செய்தவர் வாசிப்பவரிடம் ஒப்படைத்த வேலை என்பதே என் அனுபவம். நாயனம் பன்னிரண்டு சுரங்களுக்கும் தனித்தனித் துளை வைத்த வாத்தியம் இல்லை. பாரியிலும் பாதிச் சுரங்களை மூச்சால்தான் செய்கிறோம். திமிரி அதிலும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது.

அப்படியானால் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை திமிரியை ஒதுக்கியது தவறு என்கிறீர்களா?
(ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

ஐயோ, அப்படி என் நாக்கு சொல்லாது. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது.

திருமருகலில் 1898இல் பிறந்தவர். சின்ன வயதில் வாய்ப்பாட்டுக் கச்சேரி செய்தவர். தொண்டையில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று தெரிந்தவர், அதையெல்லாம் நாயனத்தில் கேட்க ஆசைப்பட்டார். வீதியில் நடந்துகொண்டே வாசித்த வாத்தியம் கச்சேரி மேடைக்கும் மைக்குக்கும் வந்தபோது, ஏறின சுருதி எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தாங்காது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் சொல்லி, நீளத்தைக் கூட்டி, துளைகளை மாற்றி, சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசுகிற நாயனத்தைச் செய்ய வைத்தார். செய்து செய்து பார்த்துத் தள்ளிவிட்டு மறுபடி செய்தார்கள். இன்று என் குடும்பம் சாப்பிடுவது அந்த நாயனத்தால்.

1956இல் அவர் மறைந்தார். அதற்குள் ஊருக்கு ஊர் பாரி வந்துவிட்டது. திமிரிகள் பரணுக்குப் போயின. இதில் யார் மீதும் தவறு இல்லை. எனக்கு இருக்கிற ஆதங்கம் ஒன்றுதான்: மேடைக்குப் பாரி சரி, வீதிக்கு எதற்குத் திமிரியை விட்டோம்? சாமி கிழக்கு வீதியில் திரும்பும்போது மேற்கு வீதிக்காரன் கோலம் போட்டு முடிக்க வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுபோனது திமிரி. இப்போது டிராக்டரில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் பின்னால் வருகின்றன.

என் அம்மாவின் தாத்தா “ஒத்து ஊதுபவர்” என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேலியாகத்தான் சொல்வார்கள். அது என்ன வாத்தியம்?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

கேலி வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். “அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்” என்ற பேச்சு வழக்கால் வந்த வினை இது.

ஒத்து, பார்வைக்கு நாயனம் போலவே இருக்கும். விரல் வைக்கும் துளைகள் மட்டும் இருக்காது. கீழே சில துளைகள் உண்டு, அவற்றை மெழுகால் கூட்டிக் குறைத்து அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஒரே சுரம், ஆதார ஷட்ஜம், இடைவிடாமல் ஒலிக்க வேண்டும். புறப்பாடு நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரமும். கன்னத்தில் காற்றை நிறுத்தி, அதை வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். சத்தம் அறுந்தால் நாயனக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். நாயனம் கற்க வந்த பிள்ளைகளை முதலில் ஒத்துப் பிடிக்கத்தான் உட்கார்த்துவார்கள். சுருதி ரத்தத்தில் ஏறுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

சுருதிப் பெட்டி வந்தபின் ஒத்து வாத்தியம் போய்விட்டது. எங்கள் புறப்பாட்டிலும் எலக்ட்ரானிக் பெட்டியைத்தான் நாலரைக் கட்டையில் வைத்தோம். அதுதான் அன்றைக்கு எனக்கு உறுத்தல். உங்கள் கொள்ளுத்தாத்தா இருந்திருந்தால் அழைத்திருப்பேன்.

கும்பகோணத்தில் கல்லால் செய்த நாகஸ்வரம் இருக்கிறதாமே?
(ஒரு வாசகர், ஈரோடு)

ஆதிகும்பேஸ்வரர் கோயிலில் இருக்கிறது. ஆழ்வார்திருநகரியிலும் ஒன்று உண்டு. நான் வாசித்ததில்லை, அதனால் கண்டதை எழுத மாட்டேன்.

எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய நாயனம் கிடக்கிறது. குட்டையாக இருக்கிறது. பாலிஷ் போட்டு ஷோகேஸில் வைக்கலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

தயவுசெய்து வேண்டாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

என் பெரியப்பாவிடமும் ஒரு திமிரி இருந்தது, தாத்தாவுடையதைவிடப் பழசு. பழுது பார்க்கிறேன் என்று ஒருவர் வாங்கிப்போனார். உள்துளையைக் கடைந்து அகலப்படுத்தி, விரல் துளைகளைப் பெரிதாக்கி, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தார். பார்க்க அழகாக இருந்தது. எந்தச் சுருதியிலும் நிற்கவில்லை. மரத்தை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. விரல் தேய்ந்த தடமும் போயிற்று. தாத்தாவின் திமிரியில் அந்தப் பள்ளம் எனக்கு என்ன கொடுத்தது என்று மேலே சொன்னேன். பெரியப்பாவின் திமிரியில் என்ன எழுதியிருந்ததோ, யாருக்கும் படிக்கக் கிடைக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரில் கழுவாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்து, மெல்லிய துணியில் நல்லெண்ணெய் தொட்டு லேசாகத் தடவுங்கள். சந்துக்குள் பழைய மெழுகு இருந்தால் எடுக்காதீர்கள், சுருதி சேர்ப்பதற்கான ஆதாரத் துளைகளை ஒருவர் காதால் கேட்டு அடைத்தது அது. கெண்டையோடு கயிற்றில் பழைய சீவாளியோ, சீவாளியைச் சரிசெய்கிற கொம்பு ஊசியோ தொங்கினால் அவற்றையும் அப்படியே வையுங்கள். சீவாளி பேசாவிட்டாலும் பரவாயில்லை, புதிது செய்கிறவருக்கு அளவு அதில்தான் இருக்கிறது. அப்புறம் முடிந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். மன்னார்குடி தூரமில்லை. நானே வந்து பார்க்கிறேன்.

நான் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரம் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு. திமிரி கற்க ஆசை. பெண் என்பதால் மூச்சு போதாது என்கிறார்கள். கற்கலாமா?
(ஒரு மாணவி, திருவாரூர்)

மூச்சுக்கு ஆண் பெண் தெரியாது மகளே. மதுரை பொன்னுத்தாய் அம்மாள் வாசித்த நாயனத்தைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைப் போய்க் கேள். அதோடு, திமிரிக்கு வேண்டியது நிறையக் காற்று இல்லை, அடங்கின காற்று. என்னைவிட உன் விரல்களுக்கு அந்தத் துளை நெருக்கம் பொருந்தும் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் இப்போது வேண்டாம். பாரியில் தன்னகாரம், துத்துக்காரம், அகாரம் என்ற ஊதும் முறைகள் மூன்றும் உனக்குத் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும், சுத்த மத்திமத்தை எந்நேரமும் மனசுக்குள் பாட வர வேண்டும். பாரியில் அந்தச் சுரம் உனக்குக் கிடைக்கிறது, திமிரியில் அதை நீ செய்ய வேண்டும். காதில் இல்லாததை விரல் செய்யாது. இரண்டு வருஷம் போகட்டும்.

புறப்பாட்டன்று என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்கு உதவும். என் தவில்காரர் முப்பது வருஷமாக என்னோடு வாசிப்பவர். இந்தச் சுருதிக்கு அவர் தவிலின் வலது பக்கமான வலந்தலையை இன்னும் முறுக்க வேண்டியிருந்தது, மூன்று நாள் சேர்ந்து பார்த்தோம். மண்டபத்தை விட்டு சாமி கிளம்பியதும் மல்லாரி எடுத்தேன். முதல் மத்திமம் வழுக்கிவிட்டது. அவர் தவிலிலிருந்து கண்ணை எடுக்காமல், “அண்ணே, நிதானம்” என்றார், அவ்வளவுதான். கீழ்காலத்தை, அதாவது மெதுவான நடையை, அவர் ஒரு இழை இழுத்துப் பிடித்தார். எனக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைத்தது. இரண்டாவது மத்திமம் நின்றது. தெற்கு வீதி திரும்பும் வரை அது பிசகவில்லை. வடக்கு வீதியில் உதடு போய்விட்டது, பாரிக்கு மாறிவிட்டேன்.

ஆக, இரண்டு வருஷம் கழித்து வா. அதற்குள் நல்ல சீவாளி இன்னும் நாலாவது சேர்த்து வைக்கிறேன். அந்த மத்திமத் துளையில் விரல் எப்படிச் சாய்கிறது என்று உன் விரலை வைத்தே காட்டுகிறேன்.